நாகைத் துறையின் கடற்படை வரலாறும் அதனைக் காக்கும் நெறியும்

முன்னுரை

நிலத்தில் நிகழ்ந்த போருக்கு நிலமே சான்றாக நிற்கும். கோட்டையின் அடித்தளமும், அகழியின் தடமும், வீழ்ந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லும் பன்னூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆராய்வோர்க்குச் செய்தி கூறும். கடலில் நிகழ்ந்த போருக்கு அத்தகைய தடம் எளிதில் கிடைப்பதில்லை. கலங்கள் உடைந்து அழியும், மரம் மட்கும், மேலே நீர் முன்போலவே அலைவீசிக் கிடக்கும். ஆதலின் ஒரு துறைமுக நகரின் கடற்படை வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் கரையில் எஞ்சிய சான்றுகளையே நாட வேண்டியவராகின்றனர். கோயிற் கல்வெட்டும், அறக்கொடைச் செப்பேடும், கலங்கள் குறியாகக் கொண்ட உயர்ந்த கட்டடமும், கரையில் இருந்தோர் எழுதிய நாட்குறிப்பும், கடலோடிகள் வாய்வழியாக வழங்கும் சொற்களும் அத்தகைய சான்றுகளாகும்.

சோழ நாட்டுக் கடற்கரையில் அமைந்த நாகப்பட்டினம் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கி. பி. பதினோராம் நூற்றாண்டில் கடாரத்து வேந்தர்கள் அறம் செய்த இடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடற்படைகள் மும்முறை மோதிய கடல் அதன் முன் விரிந்து கிடக்கிறது. இவ்விரு காலத்துச் சான்றுகளும் எவ்வாறு எஞ்சின, எவ்வாறு அழிந்தன, எஞ்சியவற்றைக் காப்பதில் தமிழாராய்ச்சியாளரின் பங்கு யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புதுவெளிக் கோபுரம்

நாகப்பட்டினத்திற்கு வடக்கே ஒன்று இரண்டு கல் தொலைவில் பழைய கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை நின்றது. மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் அதனைச் சீனக் கோயில் என்றும், கருங்கோயில் என்றும் பலவாறு வழங்கினர். நில அளவைப் படத்திலோ அது சமணக் கோயில் எனக் குறிக்கப்பட்டது. டச்சுக்காரரின் கீழ்த்திசை வாணிகத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய வாலன்டைன் என்பாரும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதனைச் சீனக் கோயில் என்னும் பெயரால் சுட்டினார்.

சென்னை அரசில் உயர் பதவி வகித்தவரும் தென்னாட்டுத் தொல்பொருளில் ஈடுபாடு மிக்கவருமான வால்டர் எலியட் 1846ஆம் ஆண்டில் அக்கோபுரத்தைக் கண்டார். நாற்கோண வடிவில் மூன்று நிலைகளோடு, சுண்ணச் சாந்தின்றிச் செங்கற்களை நெருங்கப் பொருத்திக் கட்டப்பட்டிருந்தது எனவும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் திறப்பு இருந்தது எனவும் அவர் 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் அறிகிறோம். அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு செய்தியை எடுத்துரைக்கின்றார். கரையை ஒட்டி வடக்கும் தெற்கும் செல்லும் கப்பல்களுக்கு அக்கோபுரம் நல்லதோர் அடையாளமாகப் பயன்பட்டது என்பதே அது.

இச்செய்தி கடற்படை வரலாற்றுக்கு இன்றியமையாதது. சோழ மண்டலக் கரை மேடு பள்ளம் இல்லாத தாழ்ந்த கரை. கடலில் வருவோனுக்கு மலையோ குன்றோ குறியாகத் தோன்றாது. மரக்கூட்டமும் மணல்மேடும் எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். அத்தகைய கரையில் உயர்ந்த கட்டடம் ஒன்றே மீகாமனுக்கு வழிகாட்டி. புத்தப் பள்ளியாக எழுந்த கோபுரம் கலங்கரை விளக்கத்தின் கடமையையும் ஆற்றியது என்றால், அதனை வழிபாட்டு வரலாற்றோடு மட்டும் சேர்த்து எண்ணுதல் பொருந்தாது. கடலோடிகளின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

இக்கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அருகில் குடியேறியிருந்த இயேசு சபையார் அதனை அகற்ற இசைவு வேண்டினர். முதலில் மறுத்த அரசு பின்னர் இசைந்தது. இடிப்புக்கு முன்னரே, 1856ஆம் ஆண்டில், அவ்விடத்தில் மரம் ஒன்றை வீழ்த்தியபோது புத்தர் படிமங்கள் சில வெளிப்பட்டிருந்தன. அந்த ஆண்டு முதல் 1930களின் இடைப்பகுதி வரை நாகையில் முந்நூற்றுக்கு மேற்பட்ட புத்தச் செப்புப் படிமங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்டது. படிமங்கள் எடுத்துச் செல்லத் தக்கனவாதலின் பிழைத்தன. கோபுரம் நின்ற இடத்திலேயே காக்கத் தக்கதாதலின் அழிந்தது.

அழிவினால் விளைந்த இழப்பு யாதென்பது பின்னரே புலனாயிற்று. சீனச் செலவினராகிய வாங் தாயுவான் 1349ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், சமவெளி ஒன்றில் நின்ற செங்கற் கோபுரத்தைக் குறிப்பிட்டு, அதில் 1267ஆம் ஆண்டுக்குரிய சீன எழுத்துப் பொறிப்பு இருந்தது என்கின்றார். அவ்விடம் நாகையே என அறிஞர் பலர் கருதுவர். அங்ஙனமாயின், எலியட் கண்ட கோபுரம் சீனர் எடுத்ததா, அன்றிக் கடாரத்து வேந்தன் எடுத்த சூளாமணி விகாரத்தின் எச்சமா என்னும் வினா எழுகிறது. கட்டடம் நின்றிருப்பின், செங்கல்லின் அளவும் அடித்தளத்தின் அமைப்பும் அதற்கு விடை அளித்திருக்கும். இன்று அவ்வினா ஓர் ஓவியத்தையும் ஒரு கட்டுரையையும் மட்டும் கொண்டு ஆராயப்படுகிறது. சான்றை இழப்பது விடையை இழப்பதாகும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2. செப்பேடும் கல்வெட்டும்

நாகையின் கடல்தொடர்பை நிறுவும் முதன்மைச் சான்று, அறிஞர் உலகம் லெய்டன் செப்பேடுகள் என்றும் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் வழங்கும் இரு தொகுதிகளாகும். டச்சுக்காரர் காலத்தில் ஆலந்து நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் அவை முதற்பெயர் பெற்றன. பெரிய தொகுதி 21 ஏடுகளைக் கொண்டது. அவற்றுள் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தன. சிறிய தொகுதி 3 ஏடுகளைக் கொண்டது.

பெரிய தொகுதி முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1006ஆம் ஆண்டளவில், வழங்கிய கொடையைக் கூறுகிறது. பட்டினக் கூற்றத்து நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுத்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. விகாரத்தைக் கட்டி முடித்தவன் மாறவிசயோத்துங்கவர்மன் எனவும், தந்தையின் பெயரால் அதனை அமைத்தான் எனவும் வடமொழிப் பகுதி தெரிவிக்கிறது. பொன்மலையைத் தாழ்த்தும் உயரமுடையது என அப்பகுதி விகாரத்தைப் புகழ்கிறது. இது புலவர் கூற்றே ஆயினும், கடலிலிருந்து காணத்தக்க உயர்ந்த கட்டடம் அங்கு எழுந்தது என்னும் குறிப்பு இதனுள் அடங்கியிருத்தல் கூடும். இராசராசன் இறந்தபின் அவன் மகன் இராசேந்திரன் இக்கொடையை நிலைபெறச் செய்தான்.

நாகைக் காரோணத் திருக்கோயிற் கல்வெட்டுகளும் இதனோடு இயைகின்றன. இராசேந்திரனின் தொடக்க ஆட்சியாண்டுகளில் ஸ்ரீவிசயத்து அரசனின் முகவர்கள் அச்சிவன் கோயிலுக்கு அணிகலன்களும் பிறவும் அளித்தனர். அவர்கள் அளித்தவற்றுள் சீனப் பொன்னும் இருந்தது. புத்தப் பள்ளிக்குச் சோழன் நிலம் அளிக்க, சிவன் கோயிலுக்குக் கடாரத்தார் பொன் அளித்தனர் என்பது அக்கால உறவின் இயல்பைக் காட்டுகிறது.

சிறிய தொகுதி முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டாகிய கி. பி. 1090ஆம் ஆண்டைச் சார்ந்தது. இராசவித்தியாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்னும் கடாரத்துத் தூதர் இருவர் வேண்டியதன்மேல், நாகைப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரி நீக்கம் அதில் உறுதி செய்யப்பட்டது.

3. கடாரப் படையெடுப்பும் நாகையும்

மேற்கூறிய சான்றுகளுக்கு இடையே, கி. பி. 1025ஆம் ஆண்டளவில், இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நிகழ்ந்தது. அலைகடலின் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்து அரசனைச் சிறைகொண்டான் என அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவனது 19ஆம் ஆட்சியாண்டுக்குரிய தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர் தொடங்கிக் கடாரம் ஈறாக வெற்றி கொண்ட இடங்கள் பதின்மூன்றை நிரல்படத் தருகிறது. அவற்றுள் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடாப் பகுதி. மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள். இலாமுரிதேசம் சுமாத்திராவின் வடமுனைப் பகுதி என்பது அறிஞர் கொள்கை.

இப்படையெடுப்பு நாகைத் துறையிலிருந்து புறப்பட்டது என்று பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆராய்ச்சியாளர் ஈண்டு நின்று எண்ண வேண்டும். மெய்க்கீர்த்தி புறப்பட்ட துறையைக் கூறவில்லை. கலங்களின் எண்ணிக்கையையும் கூறவில்லை. புறப்பட்ட திங்களையும் குறிக்கவில்லை. படைத்தலைவன் பெயரும் அதில் இல்லை. நாகை சோழரின் பெருந்துறை. கடாரத்தோடு நேரிய தொடர்புடையது. தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் மிகத் தொலைவில் உள்ளதன்று. ஆதலின் படை அங்கிருந்து சென்றிருக்கலாம் எனக் கருதுதல் தக்க ஊகமே. எனினும் ஊகம் ஊகமென்றே எழுதப்படல் வேண்டும். அதனைக் கல்வெட்டுச் செய்தி போல எழுதினால், பின்வருவோர் கல்வெட்டை நாடாமல் நம் எழுத்தையே சான்றாகக் கொள்வர். இடித்தலால் ஒரு சான்று மறைவது போலவே, இல்லாததைச் சேர்த்தலாலும் உள்ள சான்று மறைந்துபோகும்.

சான்றுகளை உள்ளவாறே வைத்துப் பார்ப்போமாயின், நாம் எதிர்பாராத ஒன்று புலனாகிறது. போரைப் பற்றிய செய்தி உள்நாட்டுத் தஞ்சையில் உள்ளது. துறைமுகமாகிய நாகையில் கிடைத்தவையோ போருக்கு முன்னைய நட்பையும், போருக்கு 65 ஆண்டு பின்னைய நட்பையும் கூறுகின்றன. படையெடுப்பால் உறவு முற்றும் அறுந்துபோகவில்லை என்பதும், வெற்றி கொண்ட நாட்டின் தூதர் மீண்டும் சோழன் அவைக்கு வந்து தம் முன்னோர் எடுத்த பள்ளிக்காக வேண்டினர் என்பதும் இதனால் விளங்கும். போரை மட்டும் போற்றுவோர் இதனைக் காணார். வாணிகத்தை மட்டும் எழுதுவோர் படையெடுப்பின் காரணத்தை ஆராயார். இரண்டையும் ஒருங்கு வைத்தால்தான் நாகையின் கடற்படை வரலாறு முழுமை எய்தும்.

4. மூன்று கடற்போர்கள்

சோழர் காலத்தை அடுத்தும் நாகை கடல்வழியில் மறக்கப்படவில்லை. பெகு நாட்டு மன்னன் தம்மசேதி 1476ஆம் ஆண்டில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டுகள், இலங்கையிலிருந்து திரும்பும்போது கலம் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகையை அடைந்து வழிபட்டதைக் கூறுகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் அங்கு நிலைகொண்டனர். 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1690ஆம் ஆண்டில் அவர்கள் சோழ மண்டலக் கரைக்குரிய தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினர். 1781ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஆங்கிலேயர் தரைப்படையும் கடற்படையும் கொண்டு நாகையை வென்றனர்.

இக்காலத்தில் நாகையின் எதிரே மூன்று கடற்போர்கள் நிகழ்ந்தன. மூன்றிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரருமே பொருதனர்.

முதற்போர் 1746ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் பெய்ட்டனுக்கும் லாபூர்தொனேக்கும் இடையே நிகழ்ந்தது. போரில் எவரும் முழு வெற்றி பெறவில்லை. ஆயினும் பெய்ட்டன் கரையை விட்டு விலகினமையால் சென்னை காவலின்றி நின்றது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். இரண்டாம் போர் 1758ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் போக்காக்குக்கும் தாஷேக்கும் இடையே நிகழ்ந்தது. அதன்பின் தாஷே மொரீசியசுக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டு இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவருக்குக் கடற்படைத் துணை இல்லாது போயிற்று. ஆங்கிலக் கப்பல்கள் வரவே 1759ஆம் ஆண்டு பிப்ரவரியில் முற்றுகை நீங்கிற்று. மூன்றாம் போர் 1782ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் ஹியூசுக்கும் சுஃப்ரானுக்கும் இடையே நிகழ்ந்தது. இருபுறமும் பதினொரு போர்க்கப்பல்கள் வரிசை வகுத்துப் பொருதன. நண்பகலை அடுத்துக் காற்றுத் திசை மாறவே இருவரிசைகளும் குலைந்து, போர் முடிவின்றி நின்றது.

மூன்று போர்களும் சூலை, ஆகஸ்டுத் திங்கள்களிலேயே நிகழ்ந்தமை தற்செயலானதன்று. சோழ மண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. நாகையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சலங்கு முதலிய படகுகளே சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தன. வடகீழ்க் காற்றும் புயலும் தொடங்கும் ஐப்பசியில் அங்ஙனம் நிற்றல் பேரிடர். சென்னைக்கு எதிரே நின்ற லாபூர்தொனேயின் கப்பல்கள் 1746ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புயலாற் பெரிதும் சிதைந்தமை இதனை மெய்ப்பிக்கும். ஆதலின் கடற்படைகள் தென்மேற்குக் காற்று வீசும் திங்கள்களில் கரையோரம் பொருது, அக்காற்று முடியுமுன் வேறு துறைகளை நாடிச் சென்றன. திருகோணமலைத் துறைமுகத்தை எல்லா வல்லரசுகளும் விரும்பியதற்கும் இதுவே காரணமாம்.

இப்போர்களுக்குரிய கப்பற் குறிப்புகளும் கடிதங்களும் ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு மொழிகளில் உள்ளன. டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றன. தமிழில் இக்காலத்துக்கு அரியதொரு சான்றாக விளங்குவது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736ஆம் ஆண்டில் தொடங்கிய அக்குறிப்பு, கப்பல்கள் வந்ததையும் போனதையும், பீரங்கி முழங்கியதையும், கரையில் பரவிய செய்தியையும் வதந்தியையும் நாள்தோறும் பதிவு செய்கிறது. கப்பலில் இருந்தோர் எழுதாததை, கரையிலிருந்து கண்ட தமிழர் ஒருவர் எழுதினார் என்பதே அதன் தனிச்சிறப்பு.

இவற்றை ஒப்பிடுவோர் நாட்கணக்கிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1752ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைக் கையாண்டனர். ஆகவே பிரெஞ்சுக் குறிப்பில் சூலை 6 எனக் காணும் முதற்போர் ஆங்கிலக் குறிப்பில் சூன் 25 என இருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையோ தமிழாண்டும் திங்களும் நாளும் உடன் தருகின்றார். இம்மூன்றையும் இயைத்துக் காணாதவர் ஒரே போரை இரண்டாக எண்ணவும் நேரும்.

5. கடலோடிகளின் சொற்கள்

இதுகாறும் கூறிய சான்றுகள் கல்லிலும் செம்பிலும் தாளிலும் உள்ளவை. இவற்றினும் விரைந்து அழியக் கூடியது ஒன்றுண்டு. அது கடலோடிகளின் சொல்வளம்.

1782ஆம் ஆண்டுப் போரில் நண்பகலில் காற்று மாறியதை ஐரோப்பிய நூல்கள் எதிர்பாராத நிகழ்ச்சியாகக் கூறும். அக்கரையில் மீன்பிடிப்போருக்கு அது நாள்தோறும் அறிந்த செய்தி. காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று, வெயில் ஏறியபின் கடலிலிருந்து திரும்பி வீசும். காற்றின் திசைக்கேற்பக் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என அவர்கள் பெயரிட்டு, அவற்றை இணைத்து இடைத்திசைக் காற்றுகளுக்கும் பெயர் வழங்கினர். கடல் நீரோட்டத்தை நீவாடு என்றனர். ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் கணித்தனர். இச்சொற்களின் நுண்பொருளை அறிந்த ஒருவர் அப்போரின் வரைபடத்தை நோக்குவாராயின், வரிசைகள் குலைந்த காரணத்தை எளிதில் உணர்வர்.

சொற்கள் பிறிதொரு வகையாலும் வரலாற்றுச் சான்றாகும். மாலுமி, சுக்கான் என்பன அரபு மொழிவழி வந்தவை. நங்கூரம், நகுதா என்பன பாரசீக மொழிவழி வந்தவை. கப்பித்தான் என்பது போர்த்துக்கேசியச் சொல். நாவாய், கலம், வங்கம், திமில், அம்பி என்னும் பழஞ்சொற்களோடு இவை கலந்து வழங்கிய முறையை ஆராய்ந்தால், எந்தக் காலத்தில் எந்த மக்களோடு நம் கடலோடிகள் ஒரே கலத்தில் தொழில் செய்தனர் என்பது தெளிவாகும். நம்மிடமிருந்து சென்ற சொல்லும் உண்டு. மலாய் மொழியில் வழங்கும் காப்பால் என்பது நம் கப்பலே என்பர் அறிஞர்.

கலம் கட்டும் தொழிலுக்குரிய தமிழ் நூல்களும் முற்றும் அழிந்துவிடவில்லை. கப்பல் சாத்திரம் என்னும் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ஆம் ஆண்டில் அச்சிட்டது. மரங்களின் குணமும், ஏரா எனப்படும் அடிமரத்தின் அளவும், கலத்தின் நன்மை தீமைகளும் அதில் கூறப்படுகின்றன. அதிலுள்ள சொற்கள் பலவற்றிற்கு அகராதியில் தெளிவான பொருள் இல்லை. பொருளை அறிந்தோர் நூலகத்தில் இல்லை; கரையில் படகு கட்டும் தச்சரிடையே இருந்தனர். பாய்மரக் கலங்களின் இடத்தை எந்திரப் படகுகளும், மரத்தின் இடத்தை இழைக்கண்ணாடியும் கொண்டபோது அத்தொழிலாளர் குறைந்தனர். சொற்களும் அவர்களோடு குறைந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மாண்டோருள் கடற்கரைக் குப்பத்து முதியோரும் பலர். அவர்கள் நினைவில் இருந்த கடலறிவை எவரும் கணக்கிட்டு எழுதவில்லை.

வழக்கங்களிலும் கடல் நினைவு ஒளிந்திருத்தல் உண்டு. நாகூர்க் கந்தூரி விழாவில் கொடிகள் நாகையிலிருந்து கப்பல் வடிவில் அமைந்த ஊர்திகளில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படுகின்றன. ஓட்டை விழுந்த கலத்தை நாகூர் ஆண்டவர் காத்தருளினார் என்னும் நம்பிக்கை மரக்காயரிடையேயும் பிற கடலோடிகளிடையேயும் வழங்குகிறது. இவற்றை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டுவதில்லை. கடலை நம்பி வாழ்ந்தோரின் அச்சமும் நன்றியும் எவ்வாறு உருவெடுத்தன என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

6. செய்ய வேண்டுவன

கோபுரங்களையும் கோட்டைகளையும் காப்பது தொல்பொருள் துறையின் கடமை. கடலடியில் தேடுவது ஆழ்கடல் ஆய்வாளரின் பணி. தமிழாராய்ச்சித் துறைக்குரிய பணிகள் வேறு. அவற்றை மூன்றாகக் கூறலாம்.

முதலாவது, நாகை பற்றிய கல்வெட்டு, செப்பேடு, நாட்குறிப்பு ஆகியவற்றின் மூலங்களை ஒருங்கு தொகுத்து, ஒவ்வொன்றிலும் நேரிற் சொல்லப்பட்டது எது, அறிஞர் ஊகித்தது எது எனப் பிரித்துக் காட்டுதல். நாகை பற்றிய செய்திகள் பல இதழ்களிலும் பல மொழிகளிலும் சிதறிக் கிடத்தலால், மாணவர் மூலத்தைக் காணாமல் மேற்கோளையே மேற்கோளாகக் கொள்கின்றனர். இக்குறை நீங்க வேண்டும்.

இரண்டாவது, கடற்போர்களுக்குரிய டச்சு, பிரெஞ்சு, ஆங்கில ஆவணங்களில் நாகை தொடர்பான பகுதிகளைத் தமிழாக்கி, ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்போடு நாள்வாரியாக ஒப்பிடுதல். இதற்குத் தமிழும் அம்மொழிகளுள் ஒன்றும் அறிந்த ஆராய்ச்சி மாணவர் தேவை. தமிழ்நாட்டு ஆவணக் காப்பகத்திலும் டச்சுக் காலத்து ஆவணங்கள் உள்ளமையால், பணியைச் சென்னையிலிருந்தே தொடங்குதல் கூடும்.

மூன்றாவது, நாகை முதல் கோடியக்கரை வரையுள்ள கடலோர ஊர்களில் காற்று, நீரோட்டம், கலத்தின் உறுப்பு, பாய், கயிறு, கலம் கட்டும் முறை ஆகியவற்றுக்குரிய சொற்களைத் தொகுத்தல். சொல்லை மட்டும் எழுதுதல் போதாது. சொல்பவரின் ஊர், அவர் ஓட்டிய கலம், அச்சொல்லை அவர் வழங்கும் சூழல் ஆகியவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். ஒலிப்பதிவும் ஒளிப்படமும் எளிதாகிவிட்ட இக்காலத்தில் இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும் செவியும் வேண்டும். முதல் இரண்டு பணிகளும் சில ஆண்டு தாழ்ந்தாலும் மூலங்கள் காத்திருக்கும். மூன்றாம் பணிக்குரிய மூலங்கள் முதுமை எய்திய மனிதர்கள், அவர்கள் காத்திரார்.

முடிவுரை

புதுவெளிக் கோபுரத்தை இடிக்க இசைந்தோர் அதனைப் பயனற்ற செங்கற் குவியல் எனக் கருதினர். அது யாருடைய கட்டடம் என்பதும், எத்தனை தலைமுறைக் கலங்களுக்கு அது குறியாக நின்றது என்பதும் அவர்தம் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்கள் செய்ததைப் பழிப்பது எளிது. நம் காலத்தில் நம் கண்ணெதிரே மறையும் சொல்லும் செய்தியும் நமக்கும் அவ்வாறே பயனற்றனவாகத் தோன்றுகின்றனவா என வினவுதலே கடினம்.

நாகைத் துறையின் கடற்படை வரலாறு பெருமை பேசுதற்குரிய பொருளாக மட்டும் இருந்தால், அதற்குப் புதிய சான்று எதுவும் தேவைப்படாது. பழைய சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறுதலே போதும். அதனை அறிவாகக் கொள்வோமாயின், கல்வெட்டு சொல்லும் அளவோடு நிற்கவும், மூன்று நாட்காட்டிகளை ஒப்பிடவும், கரையில் அமர்ந்து ஒரு முதியவர் காற்றுக்கு இடும் பெயரைக் கேட்டு எழுதவும் முன்வருதல் வேண்டும். எலியட் ஒருவர் எழுதி வைத்தமையால் இடிந்த கோபுரம் இன்று நமக்கு இவ்வளவேனும் தெரிகிறது. இன்று எஞ்சியிருப்பவற்றை அங்ஙனம் எழுதி வைத்தல் தமிழாராய்ச்சி செய்வோரின் கடனாகும்.